ஐந்நூறு மீட்டருக்குள் ஒரு பாலம்: செஞ்சிச் சீமையில் பராமரிப்பின் வரலாறு

 

நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய பொருளை எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்டிருப்பது சாலைப் பராமரிப்பு. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் சாலைக்கு எவ்வளவு, பாலத்துக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்களே, அந்தக் கணக்கு. இதைப் பொறியாளர்கள் பேசட்டும், இலக்கிய மன்றத்தில் இதற்கு என்ன வேலை என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன்னால் ராஜகிரி மலைமேல் ஏறி இறங்கிவிடலாம்.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். அடிவாரத்திலிருந்து வாயில் மேல் வாயிலாக, படிமேல் படியாக ஏறிப் போனால், உச்சிக்குச் சற்று முன்னால் பாதை நின்றுவிடுகிறது. பாறையில் ஒரு பிளவு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இயற்கையாக இருந்த பிளவைக் கோட்டைக்காரர்கள் இன்னும் நீட்டி வெட்டியிருக்கிறார்கள். அதன் மேல் மரப்பாலம் ஒன்று போட்டிருந்தார்கள். வேண்டும்போது போடலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். பாலத்தை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் சில ஆட்கள் நின்றாலே போதும், கீழே எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் மேலே வர முடியாது. 1677இல் சிவாஜி வசம் வந்து, 1690 முதல் 1698 வரை ராஜாராம் உள்ளே இருக்க முகலாயப் படை எட்டாண்டு முற்றுகையிட்ட கோட்டை இது. நீண்ட பாதையை அமைத்தவர்கள் அதன் அதிகாரம் முழுவதையும் 24 அடியில் வைத்திருந்தார்கள். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதைப் பாதையைக் கொண்டு முடிவு செய்யவில்லை, பாலத்தைக் கொண்டு முடிவு செய்தார்கள்.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. சுவரொட்டிகளில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைப் பார்க்கிறோம். நான்காவதாக ஒரு சிறு குன்று உண்டு. பழைய பதிவுகளில் அதன் பெயர் சக்கிலி துர்க்கம். எந்த உழைக்கும் சாதியின் பெயரை அது தாங்கியிருக்கிறது என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாரம்பரியப் பெருமை பேசும் துண்டறிக்கைகளில் அந்தக் குன்று இடம்பெற்றால் சொல்லுங்கள், நான் மகிழ்வேன்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் தேசிய நெடுஞ்சாலை கோட்டையின் ஊடாகவே போகிறது. இனி சுற்றுலாவுக்கென்று பணம் வரும். வரட்டும். அது அந்தச் சாலையிலும் அதை ஒட்டிய வழிகளிலும் இறங்கும். அந்தச் சாலையிலிருந்து பிரிந்து, ஊருக்குள் போய், ஊரைத் தாண்டி, ஓடையைத் தாண்டிப் போகும் வழிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பராமரிப்பு என்ற சொல்லுக்கு முன்னால் நம்மிடம் இருந்த சொல் மராமத்து. அரபு வேரிலிருந்து பாரசீக, உருது வழியாக வந்து நம் வாயில் தமிழாகிவிட்ட சொல். கம்பெனி ஆட்சியில் ஏரி, கால்வாய், பாதை வேலைகளைப் பார்த்தது மராமத்து இலாகா. அதோடு குடிமராமத்து என்று ஒன்று. ஊரார் கூடி ஊர் ஏரியைச் செப்பனிட்ட பொற்காலம் என்று அதைப் பற்றி இன்று நிறைய எழுதுகிறார்கள். 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டத்தையும் அவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று பெயர். வெள்ளத்தால் கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்தில் உள்ள உடல்வலுவுள்ள உழைக்கும் வகுப்பு ஆண்களை வேலைக்கு இழுக்கலாம் என்றது அந்தச் சட்டம். வழக்கமாக இருந்துவரும் மராமத்து உழைப்பைக் கட்டாயமாக வாங்கவும் வழி செய்தது. எல்லாக் குடிகளையும் அது அழைக்கவில்லை, உழைக்கும் வகுப்பைத்தான் அழைத்தது. நம் சீமையில் அது எந்தத் தெருவைக் குறிக்கும் என்று தெரியாத மணியக்காரர் யாரும் இருந்திருக்க மாட்டார். வெட்டி வேலை என்ற சொல் இன்று பயனற்ற வேலையைக் குறிக்கிறது. கூலி கொடுக்காமல் வாங்கிய வேலை என்பதே அதன் பழைய பொருள். வாங்கியவன் பார்வையில் கூலியில்லாத வேலை பயனற்றதாகிவிட்ட கதையை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலை என்று சாலை போட்டார்கள், கப்பிக்கல் உடைத்தார்கள். 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் வந்து நிவாரணக் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராமுக்குச் சற்று மேல். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்கக் கல் உடைக்க வேண்டும். மாகாணச் சாலைகளில் பலவற்றின் அடிக்கல் அடுக்கு அந்த வயிற்றிலிருந்து வந்தது.

இனி பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1866இல் சாலைத் தீர்வைச் சட்டம் வந்தது. நிலத்தின் மீது ரூபாய்க்கு அரையணா வரை வாங்கிச் சாலைக்குச் செலவிடலாம் என்றார்கள். 1871இல் உள்ளாட்சி நிதிச் சட்டம், 1884இல் உள்ளாட்சிக் கழகச் சட்டம். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று நம் தாத்தாக்கள் சொன்னவை இவற்றிலிருந்து வந்தவைதான். நிலத்தீர்வை, சுங்கச்சாவடி வசூல் இரண்டும் முக்கிய வருமானம். தீர்வை கட்டியவர் பட்டாதாரர். சாவடியில் காசு கொடுத்தவர் வண்டிக்காரர். சாலை யாருக்கு என்ற கேள்விக்கு இந்த இரண்டு வசூலுமே பதில் சொல்லிவிட்டன. தென்னாற்காடு அன்று மணிலாக்கொட்டைக்குப் பேர் போன மாவட்டம். மணிலா மூட்டைகள் வண்டியேறிப் புதுச்சேரித் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலேறிப் பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயின. வண்டி போன வழிக்குக் கப்பி விழுந்தது. மணிலாவைக் களைகொத்தியவர்கள், பிடுங்கியவர்கள், ஆய்ந்தவர்கள் நடந்து வந்த வழிக்குக் கப்பி விழவில்லை. அவர்கள் நேரடியாகத் தீர்வை கட்டவில்லை என்பது உண்மைதான். அவர்கள் விளைவித்ததை விற்றுத்தான் தீர்வை கட்டப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் அதற்கு ரசீது கிடையாது.

ஆனால் இந்தப் பொதுப்பணத்திலிருந்தே நம்முடைய முன்னோடிகள் ஓர் ஆயுதத்தைக் கண்டெடுத்தார்கள். இந்த உரையின் நடுப்பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப்பணத்தில் கட்டப்பட்டு, பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், தருமசாலைகள் தீண்டப்படாதோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நான்காண்டு கழித்து, 1927 மார்ச்சில், மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் இறங்கி நீர் அருந்தியபோது அவர் பின்னால் இருந்தது இந்தத் தீர்மானமும் அதை ஏற்ற மகாடு நகராட்சியின் முடிவும். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் சாலையை நேராகவே கையில் எடுத்தது. ஊரிலோ நகரத்திலோ எந்தப் பொதுச் சாலையிலும், தெருவிலும், பாதையிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடப்பதற்குத் தடை இல்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் எதற்கும் போகலாம். 1924 செப்டம்பர் 25ஆம் தேதியிட்ட 2660ஆம் எண் அரசாணையாக அது வெளிவந்தது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சீனிவாசனின் தீர்மானத்தில் சாலை, தெரு ஆகியவற்றோடு பாதை என்ற சொல்லும் இருப்பதைக் கவனியுங்கள். அவர் செங்கல்பட்டுச் சீமைக்காரர். ஊருக்குச் சாலையும் தெருவும், சேரிக்குப் பாதை என்று அரசு ஏட்டில் சொற்கள் பிரிந்து கிடப்பதை அறிந்திருந்தவர்.

இந்தச் சிந்தனை அரசியலமைப்புக்குள் வந்தது. 15ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அரசு நிதியிலிருந்து முழுதாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும், அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கென ஒப்படைக்கப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் எதிலும் சாதி முதலியவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது. நண்பருக்கு நான் சொல்ல நினைத்த பதில் இந்த இடம்தான். பராமரிப்பு என்ற சொல் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள் இருக்கிறது. ஒரு பாதையில் அரசுக் காசு ஒரு ரூபாய் விழுந்தால் அது பொதுவாகிறது, அதில் நிற்பவரை ஒருவரும் விரட்ட முடியாது. அந்த ஒரு ரூபாய் விழாத பாதை யாரோ ஒருவருடைய வரப்பாகவே இருந்துவிடுகிறது. ஆக, பராமரிப்புப் பணத்தைப் பிரிப்பவர் எது பொது, எது பொது இல்லை என்பதையும் சேர்த்தே பிரிக்கிறார். அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

அடுத்து நடந்தது இன்னும் நுட்பமானது. 1920 வாக்கில் சென்னை அரசு தொழிலாளர் ஆணையர் பதவியை உருவாக்கி, ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலனை அவரிடம் ஒப்படைத்தது. வீட்டுமனை, கிணறு, பள்ளி, இடுகாடு, இடுகாட்டுக்கும் குடியிருப்புக்கும் போகும் பாதை ஆகியவை எல்லாம் அந்த இலாகாவின் வேலையாயின. 1949இல் அது அரிசன நலத்துறையானது, பின்னால் ஆதிதிராவிடர் நலத்துறை. அந்த இலாகா வழியாக நமக்குக் கிடைத்தவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல சேரிகளின் முதல் கிணறு அதுதான், முதல் பள்ளிக்கூடம் அதுதான். ஆனால் இதனால் இரண்டு பேரேடுகள் உருவாகிவிட்டன. ஊரின் சாலை போர்டின் பேரேட்டில், சேரியின் பாதை நலத்துறையின் பேரேட்டில். முதல் பேரேட்டில் ஆண்டுதோறும் மராமத்துப் பத்தி உண்டு. இரண்டாவது பேரேட்டில் கட்டிமுடித்த நாளோடு கணக்கு முடிந்துவிடும். நலம் என்பது ஒரு முறை கொடுப்பது, மராமத்து என்பது ஆண்டுதோறும் செய்வது.

இன்றைய வரவுசெலவுத் திட்டத்திலும் அந்த இரண்டு பேரேடுகளின் நிழல் இருக்கிறது. அரசுக் கணக்கில் 3054 என்ற தலைப்பு சாலைகளும் பாலங்களும். வருவாய்ச் செலவு, அதாவது பராமரிப்பு பெரும்பாலும் இதில்தான். 5054 என்பது அவற்றின் மூலதனச் செலவு, புதிய வேலை. 789 என்ற சிறுதலைப்பு பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்டத்துக்குரியது. 1979-80இல் தொடங்கிய சிறப்புக்கூறுத் திட்டத்தின் தொடர்ச்சி. 2024இல் தமிழ்நாடு அதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது, நல்லது. ஆனால் சேரிக்கு ஒரு சிறுபாலம் கட்ட 789இலிருந்து பணம் எடுத்துவிட்டு, பத்தாண்டு கழித்து அதன் கைப்பிடிச் சுவர் விழும்போது எந்தத் தலைப்பில் கேட்பது? நெடுஞ்சாலைத் துறை ஒன்றியத்தைக் காட்டும், ஒன்றியம் ஊராட்சியைக் காட்டும், ஊராட்சி நலத்துறையைக் காட்டும். அவரவர் ஏட்டின்படி மூவரும் சொல்வது சரியாகவே இருக்கும்.

2000ஆம் ஆண்டில் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் வந்தது. கிராமம் என்ற அலகை விட்டுவிட்டு, குடியிருப்பு என்ற அலகை அது எடுத்துக்கொண்டது. சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் ஒவ்வொரு குடியிருப்பையும் எல்லாப் பருவத்திலும் போகக்கூடிய சாலையால் இணைப்பது நோக்கம். நமக்குச் சாதகமான மாற்றம் என்று அன்று தோன்றியது. ஆனால் இணைக்கப்படாத குடியிருப்பு எது என்பதற்கு ஒரு வரையறை உண்டு. நல்ல சாலையிலிருந்தோ, ஏற்கெனவே இணைக்கப்பட்ட குடியிருப்பிலிருந்தோ குறைந்தது 500 மீட்டர் தள்ளி இருந்தால்தான் அது இணைக்கப்படாதது. அதற்குள் இருந்தால் இணைந்ததாகவே கணக்கு.

செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் பக்கத்து ஊர்களை மனதில் கொண்டுவாருங்கள். ஊருக்கும் சேரிக்கும் இடையே எவ்வளவு தூரம்? கூப்பிட்டால் காது கேட்கும் தூரம். வேலைக்குக் கூப்பிட வசதியாக, தொடாமல் இருக்கப் போதுமானதாக அந்தத் தூரத்தை வைத்தார்கள். பெரும்பாலும் 500 மீட்டருக்குள்தான் வரும். இடையில் பல ஊர்களில் ஓர் ஓடையோ ஏரியின் உபரிநீர் போகும் கலிங்கல் வாய்க்காலோ இருக்கும். ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். மழை வந்தால் அந்த ஓடை ஒரு நாளோ மூன்று நாளோ இரண்டையும் பிரித்துவிடும். ஆனால் அளவு நாடா ஓடையையும் தரையாகவே எண்ணுகிறது. தீண்டாமை அளந்து வைத்த தூரம், இன்னொரு காலத்தில், இன்னொரு காரணத்துக்காக வகுக்கப்பட்ட விதிக்குள் அப்படியே பொருந்திக்கொண்டது. இதில் சதி ஏதும் இல்லை. சதி இருந்திருந்தால் கண்டுபிடிப்பது எளிது.

2025 ஏப்ரலில் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போவது நல்லதே. ஓடை அங்கேயேதான் இருக்கிறது.

இப்போது பாலத்தின் இயல்பைப் பற்றிக் கொஞ்சம். சாலை கெட்டால் சொல்லிக்கொண்டே கெடும். முதலில் தார் வெளுக்கும், பிறகு வெடிப்பு, பிறகு குழி. பேருந்தில் போகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திட்டுவார், பத்திரிகையில் படம் வரும், உறுப்பினர் வீட்டுக்கு ஆள் போகும். பாலம் அப்படிச் சொல்லாது. மேலே தளம் நன்றாக இருக்கும், கீழே நீரோட்டம் அடித்தளத்து மண்ணை அரித்துக்கொண்டிருக்கும். 1967 டிசம்பர் 15இல் அமெரிக்காவில் ஓகியோ ஆற்றின் மீதிருந்த சில்வர் பாலம் மாலை நெரிசல் நேரத்தில் விழுந்து 46 பேர் இறந்தார்கள். தாங்கிய இரும்புச் சட்டம் ஒன்றில் சில மில்லிமீட்டர் ஆழமே இருந்த வெடிப்பு அதற்குக் காரணம். அதன் பிறகுதான் அந்த நாட்டில் பாலங்களைக் குறித்த காலத்தில் ஆய்வு செய்வதற்கான தேசிய விதிகள் வந்தன. நம் நாட்டில் 2016 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு சாவித்திரி ஆற்றின் மீதிருந்த பிரிட்டிஷ் காலத்துக் கல்வளைவுப் பாலம் வெள்ளத்தில் இடிந்து, இரண்டு அரசுப் பேருந்துகளும் வேறு வண்டிகளும் ஆற்றோடு போயின. அந்தப் பாலம் இருந்த ஊர் மகாடு. பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் குளம் எல்லோருக்கும் உரியது என்று அம்பேத்கர் நிறுவிய அதே மகாடு.

பெரிய பாலம் விழுந்தால் நாடு திரும்பிப் பார்க்கும். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய் ரயில் கவிழ்ந்தபோது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுப்பின்படி 6 மீட்டர் வரை கல்வெர்ட், 60 மீட்டர் வரை சிறு பாலம், அதற்கு மேல் பெரும் பாலம். கல்வெர்ட் விழுந்து ஓர் எழுத்தர்கூட வருந்தியதாக வரலாறு இல்லை. கல்வெட்டைப் படிக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள், கல்வெர்ட்டை யாரும் படிப்பதில்லை.

2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. சங்கராபரணி கரை கொள்ளாமல் போனது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதும் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாலத்துக்கு ஓர் எண் உண்டு, தூணில் அபாயக் குறி உண்டு, பார்த்துச் சொல்ல ஆள் உண்டு. அதனால் ஒருவரும் சாகவில்லை. பராமரிப்பு என்றால் இதுதான். அதே நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் திறக்கப்பட, திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணை மீது சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய புதுப் பாலம், திறந்து மூன்று மாதத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அதைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். எண்ணும் குறியும் ஆளும் இல்லாத தரைப்பாலங்கள் எத்தனை அந்த வாரத்தில் மூழ்கின, எத்தனை சேரிகளில் அடுப்பு எரியவில்லை என்பது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

கண்ணைத் தூர்வார ஆள் வேண்டும். மூன்று கண் பாலத்தில் இரண்டு கண் முட்செடியாலும் மண்ணாலும் அடைத்துக்கொண்டால் அது பாலம் இல்லை, குறுக்கே போட்ட அணை. 2002இல் தமிழக அரசு நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள் சுமார் பத்தாயிரம் பேரை வேலையை விட்டு அனுப்பியது. 41 மாதம் கழித்து 2006இல் திரும்ப எடுத்தார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகக் கருதும்படி சங்கங்கள் வெகுகாலம் போராடின. அந்தத் தொழிலாளர்களின் துயரம் தனியாகப் பேச வேண்டியது. இங்கே நான் சொல்ல வருவது, மண்வெட்டியோடு ஓடையில் இறங்கும் கையைச் செலவு என்று எழுதிய அரசு, அதே ஓடையில் விழுந்த பாலத்தைத் திரும்பக் கட்டுவதை வளர்ச்சி என்று எழுதுகிறது. 3054இல் கேட்டால் இல்லாத பணம் 5054இல் கிடைக்கிறது. அங்கே திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. மத்தியில் இது தெரியாமல் இல்லை. 12ஆவது நிதிக்குழு சாலை, பாலப் பராமரிப்புக்கென்றே மாநிலங்களுக்கு 15,000 கோடி ரூபாயைத் தனியாகப் பரிந்துரைத்தது.

நியாயமான ஒரு மறுப்பு உண்டு. நல்ல பொறியாளர் ஒருவர் இங்கே இருந்தால் கேட்பார்: செஞ்சி - திண்டிவனம் சாலையில் ஒரு நாளில் போகும் வண்டிகள் எத்தனை, உங்கள் ஓடைப் பாலத்தில் போகிறவர்கள் எத்தனை? எண்பது வீட்டுக்காக ஆயிரக்கணக்கானவர்களின் சாலையைக் குழியாக விடலாமா? பேருந்து, 108 வண்டி, கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சாலையில்தானே போகிறார்கள்? உரிய காலத்தில் ஒரு தார் பூச்சு போடாமல் விட்டால் பிறகு அடியோடு தோண்டிப் போட வேண்டும், அது பல மடங்குச் செலவு. இவை எல்லாம் உண்மை. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அவருடைய கணக்கு தலைகளை எண்ணுகிறது, வழிகளை எண்ணுவதில்லை. நெடுஞ்சாலை ஓரிடத்தில் கெட்டால் வண்டி மெதுவாகப் போகும், அல்லது சுற்றிப் போகும். ஓடைப் பாலம் போனால் எண்பது வீட்டுக்கும் சுற்றிப் போக வழி இல்லை. பிரசவ வலி எடுத்தவளைக் கட்டிலோடு தூக்க வேண்டும். பள்ளிப் பிள்ளை இடுப்பளவு நீரில் நிற்க வேண்டும். பிணம் காத்திருக்க வேண்டும். மாற்றுவழி உண்டா என்பதை முதல் கேள்வியாகவும் எத்தனை வண்டி என்பதை இரண்டாம் கேள்வியாகவும் வைத்தால் பட்டியல் தலைகீழாகும். மாற்றுவழியே இல்லாத கடவுகளை முதலில் பாதுகாத்துவிட்டு, மீதியைச் சாலைக்கும் பாலத்துக்கும் பொறியாளர் தம் நூல்படி பிரிக்கட்டும். சொல்லப்போனால் இதற்கு ஆகும் பணம் பெரிதில்லை. கண் தூர்வாருவது, அடித்தளத்தில் கல் அடுக்குவது, கைப்பிடிச் சுவரைக் கட்டுவது, ஒரு கம்பத்தில் அபாயக் குறி வரைவது. தார் ரோட்டின் செலவுக்குப் பக்கத்தில் வைத்தால் இது சில்லறை.

பாலம் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். நாடே அந்தக் காட்சியைப் பார்த்தது, சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அங்கே பாலத்தில் குறை ஒன்றும் இல்லை. பாலத்திலிருந்து சுடுகாட்டுக்கு இறங்கும் பாதை பட்டா நிலம் என்று அடைக்கப்பட்டிருந்தது. ஆற்றைக் கடக்கக் கோடிகள் செலவிட்ட திட்டத்தில், இருபதடி கீழே இறங்கும் பாதையைப் பொதுவாக்க ஒரு ரூபாய் விழவில்லை. சீனிவாசன் தீர்மானத்தில் பாதை என்ற சொல்லை ஏன் வைத்தார் என்பதற்கு அந்தக் கயிற்றைவிடப் பெரிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இந்த அவையிலிருந்து நாம் எடுத்துச் செல்ல வேண்டிய வேலை ஒன்று உண்டு, மிகச் சிறிய வேலை. நம் பக்கத்து ஒன்றியங்களில் சேரிக்கும் சாலைக்கும், சேரிக்கும் இடுகாட்டுக்கும் இடையே உள்ள ஒவ்வொரு சிறுபாலத்தையும் தரைப்பாலத்தையும் நாமே நடந்து போய் எண்ண வேண்டும். எத்தனை கண், எத்தனை அடைப்பு, எந்த ஆண்டு கட்டியது, எந்தத் தலைப்பில் கட்டியது, யார் ஏட்டில் இருக்கிறது என்று எழுத வேண்டும். ஏட்டில் இல்லாதது எது என்பதை முதலில் எழுத வேண்டும். எழுதியதைத் தகவல் உரிமைச் சட்டப்படி ஒன்றியத்திடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில் அந்தப் பட்டியலைத் தீர்மானமாக வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அந்த மாதத்தின் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். தூர்வார நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ இருபது நாள்.